தினம் ஓடுகிறவருக்கு ஞாபக மறதி வருமா?

எங்கள் வீட்டில் விடியற்காலையில் மணி பார்க்கக் கடிகாரம் தேவையில்லை. வாசல் கேட் 'கிறீச்' என்றால் மணி ஐந்தரை, மாமா ஓடக் கிளம்பிவிட்டார். மறுபடி 'கிறீச்' என்றால் ஆறே முக்கால், திரும்பிவிட்டார். நான் கேழ்வரகுக் கூழைக் கரைத்து வெங்காயம் நறுக்கி வைப்பதெல்லாம் அந்தச் சத்தத்தை வைத்துத்தான்.

மாமா என்றால் என் மாமனார். வயது எழுபத்தொன்று. தபால்காரராக இருந்து ரிடையரானவர். முப்பது வருஷத்துக்கு மேல் பாலக்கோட்டிலும் சுற்று வட்டாரத்திலும் சைக்கிள் மிதித்தவர். வேலை முடிந்த மறு வாரமே, "கால் சும்மா இருக்க மாட்டேங்குதும்மா" என்று ஓட ஆரம்பித்துவிட்டார். மூத்தோர் தடகளப் போட்டி என்று நடத்துகிறார்களே, அதில் ஐயாயிரம் மீட்டரில் வாங்கிய இரண்டு மெடல்கள் எங்கள் டி.வி. ஸ்டாண்டில் தொங்குகின்றன. சர்க்கரைக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறாரே தவிர, பீடி, வெற்றிலை எதுவும் கிடையாது.

போன தை மாதம் ஒரு நாள். மணி ஏழு ஆயிற்று, ஏழரை ஆயிற்று, கேட் சத்தம் வரவில்லை. ஏழே முக்காலுக்குப் போன் வந்தது. தக்காளி மண்டிக்கு வண்டி ஓட்டும் ஒரு பையன்.

"அக்கா, தாத்தா இங்க மாரண்டஹள்ளி ரோட்டுல உட்கார்ந்திருக்காரு. வீட்டுக்கு எந்தப் பக்கம் போகணும்னு என்னையே கேட்கறாரு..."

எனக்குக் கை கால் ஓடவில்லை. இந்த ஊரில் கதவு நம்பர் இல்லாத வீட்டைக்கூடப் பெயர் சொன்னால் காட்டிக் கொடுக்கிற மனிதர் அவர்!

என் வீட்டுக்காரர் போய் வண்டியில் உட்கார வைத்து அழைத்து வந்தார். மாமா ஒன்றும் நடக்காதது போல, "சும்மா கொஞ்சம் உட்கார்ந்தேன், அதுக்குள்ள ஊரைக் கூட்டிட்டாங்க" என்றார். கூழைக் குடித்தார். பேப்பர் படித்தார். நாங்களும் ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

ஏனென்றால் அதற்கு முன்பே எவ்வளவோ நடந்திருந்தது. பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் கொடுத்தார். சர்க்கரை மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் மாத்திரை தரலியே" என்பார். சொன்ன கதையையே அரை மணிக்குள் மறுபடி சொல்வார். கேட்டதற்கெல்லாம் அத்தை சொன்ன பதில், "வேணும்னே பண்றாரு." நான் சொன்ன பதில், "வயசாச்சு அத்தை." ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவரும் சிரித்துக்கொண்டே அதையேதான் சொன்னார்.

இதைப் படிக்கிற சகோதரிகள் வீட்டிலும் பெரியவர்கள் இருப்பார்கள். அந்த 'வயசாச்சு' என்ற ஒரு வார்த்தையால் நாங்கள் எத்தனை மாதம் இழந்தோம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எது சாதாரண மறதி?

கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறோம். பேரனைக் கூப்பிட நினைத்து மகன் பெயரைச் சொல்லுகிறோம். ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போடுகிறோம். இதெல்லாம் எல்லாருக்கும் வருவது. யாராவது ஞாபகப்படுத்தினால் "அட, ஆமாம்" என்று நமக்கே தெரிந்துவிடும். இதற்கு யாரும் பயப்பட வேண்டாம்.

நாற்பது வருஷமாக ரசம் வைத்தவள் ஒரு நாள் புளியைக் கரைத்து வைத்துவிட்டு, அடுத்தது என்ன செய்வது என்று அடுப்பின் முன் நின்றால் அது வேறு. பழகிய வழி தப்புவது, பணக் கணக்கு குழம்புவது, சொன்னதையே சொல்வது, ஞாபகப்படுத்தினாலும் 'அப்படி நடக்கவே இல்லை' என்று சாதிப்பது, சுபாவமே மாறிப்போவது... இவை மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் டாக்டரிடம் போக வேண்டும். அதுவும் நரம்பு டாக்டரோ மனநல டாக்டரோ பார்ப்பது நல்லது.

நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்றைக்குத் திடீரென்று பிதற்றினால் அது இன்னொரு விஷயம். வயதானவர்களுக்குச் சிறுநீரில் கிருமி சேர்ந்தாலும், காய்ச்சல் வந்தாலும், உடம்பில் உப்புச் சத்து குறைந்தாலும் புத்தி தடுமாறும். வாய் கோணி, கை விழுந்து, பேச்சு குழறினால் பக்கவாதம். இதற்கெல்லாம் நாள் கிழமை பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

தருமபுரியில் நரம்பு டாக்டரிடம் போனோம். பெரிய இயந்திரங்களை எல்லாம் வைத்து என்னவோ செய்யப் போகிறார் என்று நினைத்தால், அவர் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டுதான் இருந்தார். முதலில் மாமாவிடம், பிறகு அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்களிடம். எப்போது ஆரம்பித்தது, மெதுவாகவா திடீரென்றா, தூக்கம் எப்படி, மனசு சோர்ந்து இருக்கிறாரா, காது கேட்கிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்... தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை சிலவற்றாலும் வயதானவர்களுக்கு ஞாபகம் மங்குமாம். நீங்கள் போகும்போது வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். லேகியம், கஷாயம் சாப்பிட்டால் அதையும் மறைக்காதீர்கள்.

கடைசியாக அவர் கேட்டார்: "கீழே விழுந்தாரா? தலையில் அடி பட்டதா?"

நாங்கள் இல்லை என்றோம். அப்போதுதான் வெளியே உட்கார்ந்திருந்த என் மகன் உள்ளே வந்து, ஐப்பசி மழையில் தாத்தா ஓடும்போது வழுக்கி விழுந்ததையும், வீட்டில் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டதையும் சொன்னான். வீட்டில் தெரிந்தால் ஓட விடமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு!

டாக்டர் அன்றைக்கே தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். காரணத்தையும் விளக்கினார். வயதானவர்களுக்குத் தலையில் லேசாக அடி பட்டாலும், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்து தேங்கும். அடி பட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பல வாரம் கழித்துத்தான் தலைவலி, மறதி, தள்ளாட்டம், எந்நேரமும் தூக்கம் என்று ஆரம்பிக்கும். வீட்டில் எல்லாரும் வயசு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அது ஆபரேஷன் செய்து தேங்கிய ரத்தத்தை வெளியேற்றினால் பெரும்பாலும் சரியாகக்கூடியது.

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா? ரத்தம் தேங்கி இருக்க வேண்டும் என்று! மண்டையைத் திறந்தாலும் பரவாயில்லை, சரியாகிற வியாதியாக இருக்கட்டும் என்று. ரிப்போர்ட்டில் ரத்தக் கசிவு இல்லை என்று வந்தது. சந்தோஷப்படுவதா, துக்கப்படுவதா என்று தெரியாமல் வெளியே வந்து ஆளுக்கொரு டீ குடித்தோம்.

ரத்தப் பரிசோதனையில் ஒன்று அகப்பட்டது. பி-12 என்ற வைட்டமின் நன்றாகக் குறைந்திருந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் அடுப்படிச் சமாசாரம். கீரை சாப்பிட்டால் எல்லாச் சத்தும் வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். பி-12 கீரையில் இல்லை, காய்கறியில் இல்லை, பருப்பிலும் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றில்தான் இருக்கிறது. மாமா கவிச்சியை விட்டுப் பல வருஷம் ஆயிற்று. பாலும் பிடிக்காது, காப்பிக்கு ஊற்றுவதோடு சரி. போதாததற்கு, சர்க்கரைக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டாலும், அசிடிட்டி மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கினாலும் பி-12 உடம்பில் சேருவது குறையும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்; டாக்டரிடம் சொல்லி அளவு பார்த்துக்கொண்டால் போதும். இந்தச் சத்து ஈரலில் பல வருஷத்துக்குக் கையிருப்பு இருக்குமாம். அதனால் தீர்ந்துபோவதும் மெள்ளத்தான் தெரியும்: பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி, நாக்கு எரிச்சல், நடை தள்ளாட்டம், மறதி. "கால் ஜிவ்வுங்குது" என்று மாமா சொன்னபோது நாங்கள் ஷூ சரியில்லை என்று புது ஷூ வாங்கிக் கொடுத்தோம்!

இப்போது ஊசி போட்டு வருகிறோம். தைராய்டு சரியாக இருக்கிறது. தைராய்டு குறைந்தாலும் மறதி வரும், அது பெண்களுக்குத்தான் அதிகம். உங்களுக்கே சோம்பல், குளிர், உடம்பு ஊதல், மறதி என்று சேர்ந்து இருந்தால் வீட்டு வேலையால் என்று விட்டுவிடாமல் பாருங்கள்.

ஆனால் பி-12 மட்டும்தான் காரணமா என்று டாக்டர் சொல்லவில்லை. "இது ஒரு காரணமாக இருக்கலாம். இதற்குக் கீழே வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்றார். அதற்குத்தான் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், விரிவான ஞாபகப் பரிசோதனையும். பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்தது, இருபத்திரண்டு நாள் கழித்து.

இருபத்திரண்டு நாள்!

காத்திருப்பது எவ்வளவு பெரிய அவஸ்தை என்று கல்யாணத்துக்குப் பெண் வைத்திருப்பவர்களுக்கும் பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்து வந்தவர்களுக்கும் தெரியும். ஆனால் அதற்கெல்லாம் முடிவில் ஒரு நல்லது இருக்கிறது. இது அப்படி இல்லையே.

முதல் தகராறு 'பெங்களூர்' என்ற சொல்லால் வந்தது. நம் பக்கத்தில் 'பெங்களூர் ஆஸ்பத்திரி' என்றாலே நிமான்ஸ் என்று நினைத்து, "பைத்தியமா புடிச்சிருக்கு அவருக்கு?" என்பார்கள். அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. நிமான்ஸைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 1974-இல் அங்கே இருந்த மனநல ஆஸ்பத்திரியையும் ஆராய்ச்சி நிலையத்தையும் சேர்த்து உண்டாக்கிய நிறுவனம். மனநலம் மட்டும் அல்ல; வலிப்பு, பக்கவாதம், மூளைக்கட்டி, நரம்புத் தளர்ச்சி எல்லாவற்றுக்கும் அங்கே வைத்தியம் உண்டு. மறதி மூளையின் வியாதி. அதற்கு மூளை டாக்டரிடம் போவதில் என்ன வெட்கம்?

இரண்டாவது, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் வியாதிக்குப் பெயர் வைத்தார்கள். "அல்சைமரா இருக்கும்", "எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான், கடைசியில..." என்று மாமாவின் எதிரிலேயே! மறதி என்பது காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. அதுவே வியாதியின் பெயர் அல்ல. அறிவும் ஞாபகமும் மங்கி அன்றாட வேலையே செய்ய முடியாமல் போகிற நிலைக்கு டிமென்ஷியா என்று பொதுப் பெயர். அதற்குப் பல காரணங்கள், அதில் அல்சைமர் முக்கியமானது. உலகத்தில் டிமென்ஷியா உள்ளவர்களில் நூற்றுக்கு அறுபது, எழுபது பேருக்கு அல்சைமர்தான் காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும் என்று 2023-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். அப்படியானால் மீதி தொண்ணூற்றிரண்டு பேருக்கு இல்லை என்றுதானே அர்த்தம்? 'வயசானா அப்படித்தான்' என்பது அங்கேயே அடிபட்டுப் போகிறது.

அந்த அல்சைமர் என்ற பெயர் வந்ததே ஒரு குடும்பப் பெண்ணால்தான். ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட் நகரத்தில் ஒரு ரயில்வே குமாஸ்தாவின் மனைவி, ஆகஸ்ட் டெட்டர் என்று பெயர். 1901-இல் ஐம்பத்தொரு வயதில், மறதியும் சந்தேகமும் முற்றிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் அவளைப் பெயர் எழுதச் சொன்னால் பாதி எழுதி நிறுத்திவிடுவாள். தன்னையே தொலைத்துவிட்டதாகச் சொல்லுவாளாம். 1906-இல் அவள் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்து அவர் சொன்னதுதான் இந்த வியாதியைப் பற்றிய முதல் விவரம். அந்த வயதில் அவளுக்கு வந்தது அபூர்வம். என்றாலும் வீட்டில் சமையல் கெட்டதும் சாமான் இடம் மாறியதும்தான் முதலில் தெரிந்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு என்னவோ செய்தது.

மூன்றாவது கேள்வியை மாமாவே கேட்டார். ஒரு நாள் ராத்திரி மொட்டை மாடியில்.

"பன்னெண்டு வருஷமா ஓடறேன். பீடி இல்ல, குடி இல்ல. எனக்கு எப்படிம்மா இது வரும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. என் மகன்தான் போனில் தேடி ஒருவரைக் காட்டினான்.

ஐம்பத்திரண்டு வருஷம் ஓடியவர்

அவர் பெயர் ரான் ஹில். இங்கிலாந்துக்காரர், 1938-இல் பிறந்தவர். துணி மில்கள் நிறைந்த பிரதேசத்தில் வளர்ந்து, துணி சம்பந்தப்பட்ட ரசாயனத்தில் டாக்டர் பட்டமும் வாங்கியவர். 42 கிலோமீட்டர் சொச்சம் ஓட வேண்டிய மாரத்தானில் 1970-ஆம் வருஷம் அமெரிக்காவின் பாஸ்டன் பந்தயத்தில் ஜெயித்தார். பிரிட்டனிலிருந்து போய் அதை முதலில் ஜெயித்தவர் அவர்தான். அதே வருஷம் எடின்பரோவில் நடந்த காமன்வெல்த் போட்டியிலும் தங்கம். 2 மணி 9 நிமிஷம் 28 செகண்டு.

அதைவிடப் பெரிய விஷயம், 1964 டிசம்பரில் ஆரம்பித்து 2017 ஜனவரி வரை ஒரு நாள்கூட விடாமல் ஓடியிருக்கிறார்! குறைந்தது ஒரு மைல். ஐம்பத்திரண்டு வருஷமும் முப்பத்தொன்பது நாளும். 1993-இல் கார் விபத்தில் மார்பெலும்பு முறிந்தபோதும் விடவில்லை. (எனக்கு அது கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகவே படுகிறது. அந்த வீட்டுப் பெண்பிள்ளை என்ன பாடு பட்டாளோ!) கடைசியில் ஓடும்போது நெஞ்சு வலி வந்ததால், குடும்பத்தை நினைத்து நிறுத்தினார். ஓடிய தூரத்தையெல்லாம் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்.

அவருக்கு 2018-இல் அல்சைமர் என்று தெரிந்தது. மறைக்காமல் வெளியே சொன்னார். 2021 மே மாதம், எண்பத்திரண்டாவது வயதில் காலமானார்.

என் மகன் இதைச் சொல்லி முடித்ததும் நான் அவனை முறைத்தேன். ஆறுதல் சொல்லச் சொன்னால் இதையா சொல்வது? ஆனால் மாமா ரொம்ப நேரம் அந்த ஃபோட்டோவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவரு நோட்டுல எழுதி வச்சாருல்ல?" என்றார். மறு நாளே ஒரு பழைய டைரியை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். தேதி, எத்தனை ரவுண்டு, யார் கூட வந்தது.

ஓடுவது பயன் இல்லையா என்றால், அப்படி இல்லை. டிமென்ஷியாவைப் பற்றி உலக நிபுணர்கள் கூடி 2024-இல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்ட அறிக்கையில், நாம் கவனித்தால் மாற்றக்கூடிய பதினாலு காரணங்களைச் சொல்லியிருக்கிறார்கள். உடம்பை அசைக்காமல் இருப்பது அதில் ஒன்று. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகை, குடி, காது கேளாமை, கண் மங்கல், தலையில் அடி, மனச்சோர்வு, தனிமை, படிப்புக் குறைவு, காற்று மாசு ஆகியவை மற்றவை. இதையெல்லாம் சிறு வயதிலிருந்தே பார்த்துக்கொண்டால் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேருக்கு வராமல் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாமாம். மீதிக்கு வயதும் பிறவியும் காரணம். ஆகவே ஓட்டம் வியாதியின் வாய்ப்பைக் குறைக்கும். வரவே வராது என்று எழுதிக் கொடுக்காது. குடை பிடித்தாலும் சாரல் அடிக்கத்தானே செய்கிறது?

காது விஷயத்தை மட்டும் கவனிக்கச் சொல்வேன். காது மந்தமான பெரியவர்களை 'செவிடு' என்று கேலி செய்துவிட்டு விட்டுவிடுகிறோம். காதில் விழாதது ஞாபகத்திலும் நிற்காது. மெஷின் வைத்தால் பாதி மறதி அங்கேயே தெளிந்துவிடுகிறவர்கள் உண்டு. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்தே மாத்திரை கொடுக்கிறார்கள். வாங்கி டப்பாவில் போட்டு வைக்காமல் சாப்பிட வையுங்கள்.

வல்லாரைக் கீரையைப் பற்றிச் சொல்லாவிட்டால் யாரும் என்னை விட மாட்டீர்கள். அக்கம்பக்கத்தில் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். துவையல் அரைத்தேன், நன்றாக இருந்தது. இந்த வியாதியை அது குணமாக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை என்றார் டாக்டர். துவையலோடு நிறுத்திக்கொண்டேன்.

ஓட விடுவதா, வேண்டாமா?

இதுதான் வீட்டில் பெரிய சண்டை. என் வீட்டுக்காரர் கேட்டுக்குப் பூட்டே போட்டுவிட்டார். முதல் நாள் மாமா ஐந்தரைக்கு வந்து பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஷூ மாட்டி, லேஸ் கட்டி, ஒரு மணி நேரம் நின்றார். சத்தம் போடவில்லை. இரண்டாம் நாள் ஷூ மாட்டவில்லை. மூன்றாம் நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அந்த வாரத்தில்தான் மறதியும் அதிகமாகத் தெரிந்தது.

டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். "ஓடட்டும். தனியாக வேண்டாம், இருட்டில் வேண்டாம், ரோட்டில் வேண்டாம். தினம் ஒரே இடம், ஒரே நேரம்" என்றார். பூட்டை எடுத்தோம். இப்போது பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகிறோம். ஆறேகாலுக்கு, நன்றாக விடிந்த பிறகு. கூடப் போவது நான்தான்! மகனுக்கு காலேஜ், வீட்டுக்காரருக்கு வேலை. ஓட எனக்கு எங்கே முடியும்? வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துகொள்வேன். எத்தனை சுற்று என்று அவருக்குத் தப்பிப்போகிறது. அதற்காகப் பத்துப் புளியங்கொட்டை எடுத்துப் போகிறேன். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைப்பேன்.

சட்டைப் பையில் பெயர், விலாசம், இரண்டு போன் நம்பர் எழுதிய அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறோம். ஓடும்போது போடுகிற பனியனில் உள்பக்கமாக நம்பரை நூலால் தைத்துவிட்டேன். டீக்கடை, மளிகைக்கடை, தக்காளி மண்டி ஆட்கள் எல்லாரிடமும், "மாமா தனியா வந்தா போன் பண்ணுங்க" என்று சொல்லி வைத்தேன். முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. சொன்ன பிறகு பார்த்தால், அவர்களில் பாதிப் பேர் முன்பே கவனித்திருக்கிறார்கள்; நமக்கு வருத்தமாக இருக்கும் என்று சொல்லவில்லையாம்.

வீட்டுக்குள்ளும் சிலவற்றை மாற்றினோம். மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். காஸ் சிலிண்டர் வால்வை ராத்திரி மூடிவிடுகிறோம். பெரிய தேதிக் காலண்டர் ஒன்று அவர் கட்டிலுக்கு எதிரில். அத்தையிடம் நான் கெஞ்சிக் கேட்டது ஒன்றுதான்: வந்தவர்கள் எதிரில், "இவ யாரு சொல்லுங்க பார்க்கலாம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். அவருக்குத் தெரியாமல் போனால் கூனிக் குறுகிப்போகிறார். "நம்ம கோமதி வந்திருக்கா" என்று நாமே பெயரைச் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? மறந்ததைச் சொல்லிக் காட்டுவதும் இல்லை. பத்தாவது தடவை கேட்டாலும் முதல் தடவை மாதிரி பதில்... என்று எழுதுகிறேனே தவிர, ஏழாவது தடவையில் எனக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது.

பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் மனசு இருக்கிறது. அத்தை ராத்திரியில் அழுவது கேட்கிறது. மனசு விட்டுப் பேச 14416 என்று ஓர் இலவச நம்பர், 'டெலி மானஸ்' என்று பெயர், 2022-லிருந்து இருக்கிறது, தமிழில் பேசலாம். முதியோர் சம்பந்தமான உதவிக்கு 14567. நான் 14416-இல் ஒரு தரம் பேசினேன். அவர்கள் அற்புதம் ஒன்றும் செய்துவிடவில்லை. காது கொடுத்துக் கேட்டார்கள். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

ஞாபகப் பரிசோதனையில் கொஞ்சம் தருமபுரியிலேயே செய்து பார்த்தார்கள். இன்று என்ன தேதி, கடிகாரம் வரைந்து பத்து மணி பத்து நிமிஷம் காட்டு, மூன்று வார்த்தை சொல்கிறேன், பிறகு கேட்பேன், இப்படி. மாசம் என்ன என்றதற்கு மாமா "மாசி" என்றார். இங்கிலீஷ் மாசம் சொல்லவில்லையே என்று எனக்குப் பதைப்பு. டாக்டர் சரி என்றுதான் எடுத்துக்கொண்டார். உங்கள் வீட்டுப் பெரியவர் எவ்வளவு படித்தவர், எந்தப் பாஷையில் பழக்கம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். படிக்காதவர்களுக்கு அதற்குத் தகுந்த கேள்விகள் வைத்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு பெயரும் விலாசமும் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார்கள். தெருப் பெயர் வந்தது. மற்றது வரவில்லை. வெளியே வந்து, "விலாசத்தைப் போய் விட்டுட்டேனே" என்றார். அதற்கு மேல் அன்று முழுக்கப் பேசவில்லை.

எம்.ஆர்.ஐ.க்குப் போகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது காந்தத்தால் எடுக்கிற படம். எக்ஸ்ரே கதிர் இல்லை. குகை மாதிரி ஒரு குழாய்க்குள் அரை மணி, முக்கால் மணி அசையாமல் படுக்க வேண்டும். தடதடவென்று சத்தம் வரும், காதுக்குப் பஞ்சு தருவார்கள். உலோகம் எதுவும் கூடாது. அரைஞாண், தாயத்து, பல்செட், காது மெஷின் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பெண்களானால் மெட்டி, கொண்டை ஊசி, தாலிக்கொடி... ஆஸ்பத்திரியில் கழற்றச் சொன்னதும் அழுதுவிடுகிறவர்கள் உண்டு. வீட்டிலேயே மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டிக்கொண்டு போய்விட்டால் நகை தொலைகிற பயமும் இல்லை. இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்களும் உடம்பில் உலோகத் தகடு, கிளிப் உள்ளவர்களும் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இதை எழுதும்போது பத்தொன்பது நாள் கழிந்துவிட்டது. வியாழக்கிழமை காலை ரயிலில் போகிறோம். பழைய ரிப்போர்ட்டெல்லாம் ஒரு ஃபைலில், மாமாவுக்கு ஒரு ஸ்வெட்டர், புளிச்சோறு. ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து கால் 'ஜிவ்' குறைந்திருக்கிறது. மறதி குறைந்திருக்கிறதா என்று கேட்டால், ஒரு நாள் ஆமாம் என்று தோன்றுகிறது, மறு நாள் இல்லை.

இன்று காலை பத்துச் சுற்றும் முடித்துவிட்டு மரத்தடிக்கு வந்தார். "எத்தனை?" என்றார். "பத்து மாமா." கொட்டைகளைக் குனிந்து எண்ணிப் பார்த்தார். "பதினொண்ணு ஓடினேன். ஒண்ணை நீ திருடிட்டே" என்று சிரித்தார். யார் கணக்கு சரி என்று எனக்கே சந்தேகமாகப் போயிற்று. நடுவில் ஒரு தரம் போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து டைரியில் எழுதினார். பதினொன்று என்றுதான். அப்படியே பக்கத்தைத் திருப்பி, வியாழக்கிழமைக்கு நேராக ஏதோ எழுதினார். நான் பிறகு போய்ப் பார்த்தேன். 'பெங்களூர். ஓட்டம் லீவு. வெள்ளி உண்டு' என்று இருந்தது.